ஒன்பதாவது ஓட்டு

பாத்துண்ணே, காலை அந்தப் பை மேல வெச்சிராதீங்க. உள்ள உளி இருக்கு. சுத்தியலும் இருக்கு. அட, ஏன் நகர்றீங்க? நான் திருடன் இல்லண்ணே. கோயிலுக்குப் போறவன். ஆலடிக் காளி கோயிலுக்கு, காசு வெட்டிப் போட.

காசு வெட்டுறதுன்னா தெரியாதா? அப்ப நீங்க இந்தப் பக்கத்து ஆளு இல்ல. ஒருத்தன் நமக்குத் துரோகம் பண்ணிட்டான்னு வைங்க. யாருன்னு கையக் காட்ட முடியல. போலீசுக்குப் போனா சிரிப்பான். அப்ப நேரா ஆத்தா சன்னதிக்குப் போகணும். குளத்துல முங்கி ஈரத்துணியோட வந்து, கல்லு மேல ஒரு காசை வெச்சு, உளியால ரெண்டா வெட்டணும். வெட்டும்போது வாய்விட்டுச் சொல்லணும், எனக்குக் கேடு செஞ்சவன் குடும்பம் இப்படி ரெண்டாப் போகட்டும்னு. அம்புட்டுத்தான். மிச்சத்த ஆத்தா பாத்துக்குவா. எங்க பங்காளி ஒருத்தன் வெட்டுனான். எதிராளிக்கு வாய் கோணிப்போச்சு, இன்னைக்கும் அப்படியே திரியிறான்.

ஆனா நான் வெட்ட முடியாது. யாருக்குக் கேடு நடந்துச்சோ அவங்கதான் வெட்டணும். அந்தா, டிரைவருக்குப் பின்னால, மஞ்சச் சேலை கட்டி ஜன்னலோரமா உக்காந்திருக்கா பாருங்க, அவதான் என் வீட்டுக்காரி. பஞ்சவர்ணம். அவளுக்குத்தான் துரோகம். அவதான் வெட்டணும். ஆனா வரமாட்டேன்னு ஒரே அடம். "போனது போச்சு, விடுங்க"ங்கிறா. விடுறதாம்ல! அதட்டி உருட்டித்தான் கூட்டிட்டு வர்றேன். அவ மனசு அப்படிண்ணே, ஒருத்தருக்கும் கெடுதல் நெனைக்க மாட்டா.

என் பேரு மாயழகு. ஊருக்குள்ள போய் அந்தப் பேரைச் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, கவுன்சிலர்னு கேக்கணும். கவுன்சிலர் அவதான், பேப்பர்ல. பத்திரிகை வெக்கிறவன் எனக்குத்தான வெக்கிறான்? பஞ்சாயத்துன்னா என்னையத்தான கூப்பிடுறான்? அவ கையெழுத்துக்கூட நாந்தாண்ணே போடுவேன். சும்மா சொல்லல, நான் போட்டதையும் அவ போட்டதையும் பக்கத்துல வெச்சா அவளே தெணறிருவா.

சீ, இந்தத் தேர்தல்னு வந்தாலே எனக்குக் கொமட்டுதுண்ணே. மனுசப்பய மேல இருந்த மரியாதையே போச்சு.

இருங்க, மொதல்லருந்து சொல்றேன். எங்க ஒன்றியத்துக்குப் பதினேழு வார்டு. ஜனங்க ஓட்டுப் போட்டுப் பதினேழு கவுன்சிலர் வருவாங்க. அந்தப் பதினேழு பேரும் யூனியன் ஆபீசுல உக்காந்து, தங்களுக்குள்ள ஒருத்தரைத் தலைவரா ஆக்கணும். ஒன்றியத் தலைவர்னா சும்மா இல்லண்ணே. ரோடு, பாலம், கண்மாய் வேலை, எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரணும். ஜீப்பு உண்டு. எனக்கு மீசை மொளைச்ச காலத்துலருந்து அந்த நாற்காலி மேலதான் கண்ணு. யாரு வீட்டு எழவுனாலும் மாலையோட போய் நிப்பேன். யாரு வீட்டு விசேசம்னாலும் பந்தியில மொத ஆளா வாளி தூக்குவேன். இந்தத் தடவ நமக்குத்தான்னு இருக்கையில, தலைவர் பதவி பொம்பளைக்குன்னு ஒதுக்கிப்புட்டான் படுபாவி. வயித்துலயே அடிச்சான்.

என்ன பண்றது? சரின்னு வீட்டுக்காரிய நிறுத்துனேன். போஸ்டர் அடிச்சோம். என் படம் ஆளுயரத்துக்கு. அவ படமும் போட்டோம், மூலையில. அவ முகம் போட்டோவுல சரியா விழாதுண்ணே, அதனாலதான். நான் ஜீப்புல மைக்கக் கட்டிக்கிட்டுத் தொண்டை கிழிய வார்டையே சுத்துனேன். அவ என்னமோ அந்தச் செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு வீடு வீடாப் போனா. கொழாயடியில நின்னு பேசுவா, நூறு நாள் வேலை நடக்குற எடத்துல போய் உக்காந்துருவா. பொம்பளைங்க கிட்ட என்னத்தப் பேசி என்ன ஆவப்போகுதுன்னு நானும் கண்டுக்கல. நல்ல ஓட்டு வித்தியாசம். எல்லாம் என் முகத்துக்காக விழுந்த ஓட்டு.

இப்பத்தான் சங்கதியே. பதினேழுல நம்ம பக்கம் ஒன்பது. அந்தப் பக்கம் எட்டு. அங்க தலைவருக்கு நிக்கிறது செல்லக்கனின்னு ஒரு பொம்பளை. தையல் மிசின் வெச்சுப் பொழைக்கிறவ. புருஷன் இல்ல, செத்துப்போயிட்டாரு. கேக்குறேன், புருஷன் இல்லாதவ தலைவரானா ஆபீசுல யாருண்ணே பேசுவா? யாரு போயி அதிகாரிகளைப் பாப்பா? அவளே பேசுவாளாம். பஞ்சவர்ணமும் அவளும் கீழப்பொட்டல் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. அந்தச் சாக்க வெச்சு ஒறவு கொண்டாடிக்கிட்டு வருவா. தேர்தல் முடியிற வரைக்கும் அவகூடப் பேச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டேன். இவளும் சரின்னு சொல்லிட்டா. நான் சொல்லி இவ மாட்டேன்னு சொன்னதே இல்லண்ணே, கல்யாணம் ஆனதுலருந்து.

ஒன்பதுக்கு எட்டுன்னா ஒத்த ஆளுதான் வித்தியாசம். ஒருத்தன் தாண்டுனா முடிஞ்சது. அதனால என்ன செய்வாங்க? கவுன்சிலர்களை எல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டு ஒரு எடத்துல கொண்டுபோய் அடைக்கணும். ஓட்டுப் போடுற அன்னைக்குக் காலையில நேரா ஆபீசுல எறக்கணும். எல்லா ஊருலயும் அப்படித்தான். இதுக்கெல்லாம் செலவு பண்ண எங்கிட்ட ஏது? வெள்ளைத்துரைன்னு ஒரு கான்ட்ராக்டரு, அவருதான் எல்லாம் பாத்துக்கிட்டாரு. நல்ல மனுசன். பதிலுக்கு அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஜெயிச்சதும் கீழப்பொட்டல் கண்மாயத் தூர்வாருற வேலைய அவருக்குத் தரணும்.

ஆமா, இவ பொறந்த ஊருதான். அதுக்கு ஒருநாள் மூக்கைச் சிந்துனா. ஏற்கெனவே ஒருக்க தூர்வாருறோம்னு சொல்லிச் செங்கச் சூளைக்கு மண்ணள்ளிட்டாங்க, கண்மாய மடைக்குக் கீழ ஆழமாத் தோண்டிட்டாங்க, இப்பத் தண்ணி நின்னாலும் மடை ஏறி வயலுக்கு வரமாட்டேங்குதுன்னு சொன்னா. அவ அண்ணன் வெவசாயத்தையே விட்டுட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான், அதச் சொல்லி அழுதா. நான் சொன்னேன், "உங்க அண்ணனுக்கு இப்ப என்ன கேடு? நெழல்ல உக்காந்து பனியன் மடிக்கிறான். இந்த வெயில்ல வந்து வெவசாயம் பாக்கச் சொல்றியா?"ன்னு. கண்ணத் தொடச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. புரிஞ்சுக்கிட்டா. சொன்னாப் புரிஞ்சுக்குவா, அது ஒரு நல்ல கொணம்.

மலைமேல ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். ஐயய்ய, அந்தக் கருமத்த என்னன்னு சொல்ல! வேன்ல ஏறும்போதே கோழியும் ஆடும் மூக்கு முட்டத் தின்னுட்டு ஏறுதுக. மலை வளைவு ஆரம்பிச்சதும் ஒண்ணொண்ணா ஜன்னல்ல தலைய நீட்டுது. ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்புன மக்கள் பிரதிநிதிங்க, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கிட்டு வருது. வேன் பூரா அந்த நாத்தம். மேல போய் எறங்கி வாயக் கொப்பளிச்சதும் மொதக் கேள்வி என்னங்கிறீங்க? "ராத்திரிக்கு மட்டன் உண்டா?" தூ!

அங்க போயி அது பத்தாது, இது பத்தாதுன்னு ஒரே பொலம்பல். ஒருத்தனுக்கு வெந்நி இல்லைன்னு கோவம். ஒருத்தன் அடுத்த ரூமு டிவி பெருசா இருக்குன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டான். ஒரு கவுன்சிலரம்மாவோட புருஷன், மெத்தை விரிப்பைச் சுருட்டிப் பையில வெச்சுட்டான். பெரிய மனுசன், வீட்டுல பேரன் பேத்தி எடுத்தவன். ரிசார்ட்டுக்காரன் கேட்டா, "நாங்க போடப்போற ஓட்டுலதான் இந்த ஒன்றியமே நடக்கப்போகுது, ஒரு துணிக்குக் கணக்கா?"ன்னு கேக்குறான். எனக்கு அவன் பக்கத்துல உக்காந்து சாப்பிடவே அருவருப்பா இருந்துச்சுண்ணே. ஆனா என்ன பண்றது, அவன் பொண்டாட்டி கையில ஒரு ஓட்டு இருக்கே. "விடுங்க மாமா, வேணும்னா இன்னொண்ணு எடுத்துக்கங்க"ன்னு சிரிச்சேன்.

ரிசார்ட்டுச் சாப்பாடு ரெண்டாம் நாளே எல்லாருக்கும் சலிச்சுப்போச்சு. காரம் பத்தலையாம். உடனே நான் என்ன செஞ்சேன், பஞ்சவர்ணத்த அடுப்படிக்கு அனுப்பிட்டேன். கருவாட்டுக் கொழம்பு, ரசம், தொவையல்னு அத்தனை பேருக்கும் அவ ஒத்தையில ஆக்கிப் போட்டா. அந்தக் குளிர்ல, ஐஸு மாதிரித் தண்ணியில பாத்திரமும் கழுவுனா. நான் பந்தியில பெருமையாச் சொன்னேன், "பாத்துக்கங்கப்பா, தலைவராகப் போறவ கையால சாப்பிடுறீங்க"ன்னு. எல்லாரும் கை தட்டுனாங்க. அவ உள்ளாற இருந்தா, அவளுக்குக் கேட்டுச்சோ இல்லையோ.

போன் எல்லாத்தையும் ஒரு துணிப்பையில வாங்கி நானே வெச்சுக்கிட்டேன். எதிர்க்கட்சிக்காரன் கூப்பிட்டுப் பேசிறக் கூடாதுல்ல. பஞ்சவர்ணத்து போனையும்தான். அவளுக்கு யாரு கூப்பிடப் போறா? இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே சட்டம்னு காட்டணும்ல. பொம்பளைக் கவுன்சிலருங்க எல்லாம் ஒரு ரூமுக்குள்ள கூடி என்னத்தையோ பேசிக்கிட்டுக் கெடந்தாங்க. நாங்க புருஷமாருங்க வெளியில உக்காந்து எந்த வேலை யாருக்குன்னு பிரிச்சுக்கிட்டோம்.

கெளம்புறதுக்கு முன்னால, சத்தியம். அதுதாண்ணே எங்க பக்கத்துல பெரிய பூட்டு. தட்டுல சூடத்தக் கொளுத்தி, எரியிற சூடத்து மேல கைய அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணணும். அதுக்கப்புறம் மாத்திப் பேசுனா கை வெளங்காது. எட்டுப் பேரையும் வரிசையா நிக்க வெச்சேன். சூசைன்னு ஒருத்தன் மட்டும் வேதக்காரன், பைபிள் மேல கை வெச்சான். மத்த ஏழு பேரும் சூடத்த அடிச்சாங்க. "பஞ்சவர்ணத்துக்குத்தான் என் ஓட்டு, மாறுனா என் குடும்பம் வெளங்காது." ஒவ்வொருத்தரும் வாய்விட்டுச் சொல்லணும், நான் கேக்கணும். தட்டப் புடிச்சுக்கிட்டு நின்னதே பஞ்சவர்ணம்தான். ஒவ்வொரு ஆளு முன்னாலயும் கொண்டுபோய் நீட்டுனா. கையில அனல் படுதுன்னு அடிக்கடி கை மாத்திக்கிட்டா. எட்டுப் பேரும் முடிச்சதும் தட்டக் கழுவி வெச்சுட்டு, எல்லாருக்கும் காப்பி போடப் போயிட்டா.

கண்டக்டரு, ஆலடி விலக்கு ஸ்டாப்பு வந்தாச் சொல்லுங்க! ஆங், சரி சரி.

அன்னைக்கு யூனியன் ஆபீசு முன்னால திருவிழாக் கூட்டம். நான் வெள்ளையும் சொள்ளையுமா, தோள்ல துண்டு. கடையில சொழலுற நாற்காலி ரெண்டு சொல்லி வெச்சிருந்தேன். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு. என்னுது கொஞ்சம் சாய்மானம் உசரம், எனக்கு முதுகு வலி இருக்குல்ல. லெட்டர்பேடு அடிச்சாச்சு. வேட்டுச் சரம், மேளம், மாலை எல்லாம் ரெடி. நானும் உள்ள போகப் போறேன், தேர்தல் அதிகாரி வாசல்லயே கைய நீட்டி மறிச்சுட்டாரு. "கவுன்சிலருங்க மட்டும்தான்." நான் சொன்னேன், "சார், நாந்தான் கவுன்சிலரு." அவரு பேப்பரப் பாத்துட்டு, "இங்க பஞ்சவர்ணம்னு போட்டிருக்கு, நீங்களா அது?"ங்கிறாரு. கூட்டத்துல நாலு பேரு சிரிச்சுட்டான். என்னா அதிகாரிண்ணே அவன்! படிச்சவன்னா இப்படியா பேசுறது?

சரின்னு வெளிய நின்னுட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாதே, தனியா என்ன பண்ணுவாளோன்னு ஒரே பதட்டம். வாசல்ல வெச்சு மறுபடி சொல்லிக் குடுத்தேன். "சீட்டுல ரெண்டு பேரு இருக்கும், மேல இருக்குறது உன் பேரு, அதுக்கு நேரா குறி போடணும், மடிச்சுப் பெட்டியில போடணும், யாருகிட்டயும் காட்டக் கூடாது"ன்னு. "யாருகிட்டயும் காட்ட வேண்டியதில்லையா?"ன்னு கேட்டா. "ரகசிய ஓட்டு, கட்டுன புருஷனே கேட்டாலும் சொல்லக் கூடாது"ன்னேன். "உங்ககிட்டக் கூடவா?"ன்னு ரெண்டாவது தடவையும் கேக்குறா. அம்புட்டு வெகுளிண்ணே.

கதவச் சாத்திட்டாங்க. கொஞ்ச நேரத்துல உள்ளருந்து அதிகாரி படிக்கிற சத்தம். "ஒன்பது ஓட்டு"ன்னு காதுல விழுந்துச்சு. அவ்வளவுதான், நம்ம பயலுக வேட்டக் கொளுத்திட்டாங்க. மேளக்காரன் வெளுத்து வாங்குறான். என்னையத் தோள்ல தூக்கிட்டாங்க. மாலை கண்ண மறைக்குது. அந்தச் சத்தத்துலதான் கதவு தெறந்து செல்லக்கனி வெளிய வர்றா. ஒன்பது ஓட்டு அவளுக்குண்ணே. இவளுக்கு எட்டு. நான் வாங்கி வெச்ச வேட்டு அவளுக்கு வெடிக்குது. எவனோ ஒருத்தன் என்னையத் தோள்ல வெச்சுக்கிட்டே, "அண்ணே, எறக்கி விட்டுரவா?"ன்னு கேக்குறான். அந்த நிமிசம் பூமி பொளந்து உள்ள போயிருக்கலாம்.

பின்னாலயே இவ வர்றா. செல்லக்கனி கையப் புடிச்சுக்கிட்டு! தோத்தவ, ஜெயிச்சவ கையப் புடிச்சுக்கிட்டு வர்றா. எனக்குப் பொறுக்கல, "விடுடி கைய!"ன்னு கத்தினேன். நெஞ்சுல ஈரம் இருக்கவண்ணே அவ. வீட்டுக்கு வந்து நான் தலையில கைய வெச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்துக் கெடக்குறேன், அவ சோத்தப் போட்டுச் சாப்பிட்டுப் படுத்தா. அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம். அப்படி ஒரு தூக்கம் நான் பாத்ததே இல்ல. ரொம்ப அதிர்ச்சி ஆனா அப்படித் தூக்கம் வருமாம், எங்க சித்தப்பா சொன்னாரு.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? எட்டுப் பேருல எவன் அந்தக் கருங்காலி? ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நின்னு கிழிச்சேன். மெத்தை விரிப்பச் சுருட்டுனவன் மேலதான் மொதச் சந்தேகம். திருட்டுப்பயதான? அவன் என்ன சொல்றாங்கிறீங்க? "விரிப்பு எடுத்தேன்பா, ஓட்டு எடுக்கல"ங்கிறான். அவன் பொண்டாட்டி வாசல்லயே மறுபடி சூடத்தக் கொளுத்தி அடிச்சிருச்சு. அடுத்து சூசை. அவனும் நானும் ஒண்ணா மண்ணா பழகுனவங்க. அவன் மகளுக்கு நாந்தான் மாப்பிள்ளை பாத்தேன். அவன் வீட்டு வாசல்ல நின்னு, "காட்டிக்குடுத்த யூதாசு நீதாண்டா"ன்னு தெருவே கேக்கக் கத்துனேன். அவன் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "மாயழகு, என் பிள்ளை மேல ஆணையா நான் பஞ்சவர்ணத்துக்குத்தான் போட்டேன். இனிமே என் மூஞ்சியில முழிக்காத"ன்னு கதவச் சாத்திட்டான். இப்ப எதுக்க வந்தாலும் பேசுறது இல்ல.

எட்டுப் பேரும் மறுபடி சத்தியம் பண்றானுகண்ணே, கூசாம. எட்டுப் பேருமே! ஒருத்தனுக்கும் கை வெளங்காமப் போகல, நல்லாத்தான் சோறு அள்ளித் திங்கிறான். அப்ப சத்தியத்துக்கு என்ன மரியாதை? அதுதாண்ணே எனக்கு வெறுத்துப்போச்சு. மனுசன் பொய் சொல்லுவான், தெரியும். சூடத்து மேல அடிச்சுப் பொய் சொல்ற காலமும் வந்துருச்சே.

என்னண்ணே? என்ன கேட்டீங்க?

அவளைச் சத்தியம் பண்ணச் சொன்னேனாவா? யாரை, பஞ்சவர்ணத்தையா? நல்லாக் கேட்டீங்க போங்க. அவதானண்ணே நிக்கிறவ. தனக்குத் தானே ஓட்டுப் போடுறதுக்கு யாராவது சத்தியம் வாங்குவாங்களா? இல்ல, என்னத்த நெனச்சு அப்படிக் கேக்குறீங்க? வேற எவனாவது கேட்டிருந்தா சட்டையப் புடிச்சிருப்பேன். வெளியூர்க்காரரு, தெரியாமக் கேட்டுட்டீங்க. அவளப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? எங்கூட வாழ வந்ததுலருந்து என்னையக் கேக்காம ஒரு ரவிக்கத்துணி எடுத்ததில்ல. அவ போயி... சீச்சீ. கேக்கவே அசிங்கமா இருக்கு. விடுங்க.

தண்ணி இருக்கா? ஒரு வாய் குடுங்க. இந்த பஸ்ல வேற எவனோ மீனு கொண்டு வந்திருக்கான், நாத்தம் தாங்கல.

அதுக்கப்புறம் அந்த ஆபீசு வாசலயே நான் மிதிக்கலண்ணே. ஒரு தடவ போனேன், அந்தச் செல்லக்கனி "வாங்கண்ணே, ஒக்காருங்க"ன்னு நாற்காலியக் காட்டுறா. அவ காட்டுற நாற்காலியில நான் ஒக்காரவா? திரும்பிட்டேன். அதனால கூட்டத்துக்கெல்லாம் பஞ்சவர்ணம் தனியாத்தான் போகுது. பஸ் ஏறிப் போகுது, வருது. கையெழுத்தும் அவளே போட்டுக்கிறா. பாவம், என்னால எம்புட்டுச் செரமம் அவளுக்கு. மொதக் கூட்டத்துலயே அந்தப் பொம்பளை என்ன தீர்மானம் போட்டுட்டா தெரியுமா? கீழப்பொட்டல் கண்மாயில மண்ணள்ளக் கூடாது, தோண்டுன பள்ளத்த மட்டப்படுத்தி, மடையச் சரிபண்ணி வயலுக்குத் தண்ணி விடணும்னு. வெள்ளைத்துரை என்னையக் கூப்பிட்டு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரிக் கேட்டாரு. அந்தத் தீர்மானத்துக்கு இவளும் கையத் தூக்கியிருக்காளாம்! ஏண்டின்னு கேட்டா, "எல்லாரும் தூக்குனாங்க, நானும் தூக்குனேன்"ங்கிறா. என்ன தீர்மானம்னே வெளங்கியிருக்காது அவளுக்கு. அவ அண்ணன்காரன் வேற திருப்பூர்லருந்து கெளம்பி வர்றானாம், வெதை நெல்லு கேட்டு போன் பண்றான். நல்ல நேரம் பாத்தான்.

அதனாலதாண்ணே சொல்றேன், எனக்குப் பதவி போனது பெருசில்ல. அந்த ஒன்பதாவது ஓட்டு யாரோடதுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல. ஊருல எவனப் பாத்தாலும், இவனா இருக்குமோன்னு தோணுது. பேச்சுத்தொணைக்கு ஒரு ஆளு இல்ல. காசு வெட்டுனாத்தான் தெரியும். செஞ்சவன் குடும்பம் ரெண்டாப் போகும்ல, எந்த வீட்டுல எழவு விழுதுன்னு பாத்தாப் போதும்.

இந்தா, அவளே எந்திரிச்சு வர்றா. விலக்கு வந்துருச்சு போல. ஏ, கம்பியப் புடிச்சு வாடி, விழுந்து வெக்காத. ஒண்ணுமில்ல, இந்த அண்ணன்கூடப் பேசிக்கிட்டு வந்தேன். மெட்ராசுப் பக்கமாம். நம்ம கதையத்தான் சொன்னேன். ஏன் அண்ணன் மூஞ்சிய அப்படிப் பாக்குற? கும்பிடு போடு.

என்னது? சத்தமாச் சொல்லு, வண்டிச் சத்தத்துல கேக்கல.

கேட்டீங்களாண்ணே அவ கேக்குறத? "காசு வெட்டுனா, செஞ்சவங்க மேல விழுமா, செய்ய வெச்சவங்க மேல விழுமா?"ன்னு கேக்குறா. நல்ல கேள்விடி. இத்தனை நாளுல இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு கேள்வி கேட்டிருக்க. செஞ்சவன் என்ன, பாவம், எதுக்கோ செஞ்சிருப்பான். அவன அந்த நெலைமைக்குக் கொண்டு வந்து செய்ய வெச்சான் பாரு, அவன் மேலதான் மொதல்ல விழும். அவன்தான் மூலம். ஆத்தாளுக்கு அதெல்லாம் நல்லாத் தெரியும். நீ ஒண்ணும் யோசிக்காம வெட்டு.

பாத்தீங்களா! சிரிக்கிறா. தேர்தலுக்கப்புறம் இன்னைக்குத்தாண்ணே எங்கிட்டச் சிரிச்சுப் பேசுறா. இவ்வளவு நேரம் வரமாட்டேன்னு மொரண்டு புடிச்சவ, இப்ப அவளே "உளியக் குடுங்க, நான் தூக்கிக்கிறேன்"ங்கிறா. இந்தா, பத்திரமாப் புடி, முனை கையில குத்திரும். காசும் இந்தா, முந்தியில முடிஞ்சுக்க.

எறங்குறோம்ண்ணே. உங்க வாயால நல்லதா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. யாரு இதுக்கெல்லாம் மூலமோ அவன ஆத்தா சும்மா விடமாட்டான்னு சொல்லுங்க. சொல்லுங்கண்ணே, கோயிலுக்குப் போறவங்களுக்கு இதைச் சொல்லக்கூடாதா? என்னண்ணே, இவ்வளவு நேரம் நல்லாத்தான கேட்டுக்கிட்டு வந்தீங்க, இப்ப எதுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?